நாற்பது கோடு

இப்படி உக்காருங்க அம்மிணி, எடம் இருக்குது. இந்தச் சார்ட்டை மட்டும் நசுக்கிப்போடாதீங்க, நான் மடியில வெச்சுக்கறேன். சன்னலோரம் நான் உக்காந்திருக்கறதே இதுக்காகத்தானுங்க. ரண்டு நாளு உக்காந்து கலர் கலரா எழுதினது. ஓரத்து சீட்டுல இருந்தா ஏறறவன் எறங்கறவன் எல்லாம் இடிச்சு கசக்கிப்போடுவான்.

பாப்பா உங்களுதுங்களா? என்ன கண்ணு, எதுக்கு இந்தச் சிணுங்கல்? சன்னலோரம் வேணுமா? அழுதா குடுத்துருவாங்களா? இங்க பாரு, டீச்சர் ஒண்ணு சொல்றேன் கேளு. இன்னும் சித்த நேரத்துல ஆத்துப்பாலம் வரும். மழை பேஞ்சு தண்ணி அப்படிப் போகுது. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாம, காலை ஆட்டாம, கையைக் கட்டிக்கிட்டு கம்முனு இருந்தீன்னா, பாலம் வர்றப்ப நீ இங்க, நான் அங்க. சரியா? தலைய மட்டும் ஆட்டு. வாயத் தொறந்தா போச்சு. ஆங், அப்படித்தான்.

பாத்தீங்களா அம்மிணி? அடிச்சனா? மெரட்டினனா? இல்லையே. இதுதானுங்க என்ற முறை. இதைப் பத்திப் பேசத்தான் இப்பப் போயிட்டிருக்கேன். ஒன்றியத்துல இருக்கற டீச்சருங்க எல்லாம் ட்ரெயினிங்குக்கு வர்றாங்க, அவங்களுக்கு முன்னால நான் அரை மணி நேரம் பேசணும். "சுலோச்சனா டீச்சர் கிளாஸ் மாதிரி மத்த கிளாசும் இருக்கணும்"னு கல்வி அதிகாரி பிஇஓ சாரே கூப்பிட்டுச் சொன்னாரு. இருபத்தாறு வருச சர்வீசுங்க. இதுவரைக்கும் யாரும் என்னையக் கூப்பிட்டு மேடையில நிக்க வெச்சதில்ல.

நான் மூணாங்கிளாஸ். எங்க பள்ளிக்கூடத்துல நாலே ரூமு, மூணு டீச்சரு, ஒரு எச்செம். என்ற கிளாசுல இருபத்திமூணு புள்ளைங்க. போன வருசம் வரைக்கும் சந்தைக்கடைதானுங்க. ஒரு காலத்துல குச்சி வெச்சிருந்தேன், பொய் சொல்லல. இப்பத்தான் அதெல்லாம் ஆகாதுன்னு ஆயிருச்சே. அப்பத்தான் சின்னப் பொண்ணு ஒருத்தி எங்களுக்கு ட்ரெயினிங் எடுக்க வந்தா. நல்லா நடந்துக்கற புள்ளைங்களுக்கு வாரத்துல கொஞ்ச நேரம் அவங்க இஷ்டத்துக்கு வெளையாட விடுங்க, அந்த ஆசையிலயே ஒழுங்கா இருப்பாங்கன்னு சொன்னா. மகிழ்ச்சி நேரம்னு பேரு. எனக்குப் புடிச்சுப் போச்சு.

அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொன்னா. புள்ளைங்க சம்பாதிச்ச நேரத்தைத் திருப்பிப் புடுங்காதீங்க, ஒருத்தர் பண்ற தப்புக்கு எல்லாரையும் தண்டிக்காதீங்கன்னு. அவளுக்குக் கல்யாணமே ஆகலீங்க. புள்ளைங்களைப் பத்தி என்ன தெரியும்? நான் நம்மூருக்குத் தக்கன மாத்திக்கிட்டேன்.

எப்படின்னா, திங்கக்கெழமை காலையில போர்டு ஓரத்துல நாப்பது கோடு போட்டுருவேன். ஒரு கோடு ஒரு நிமிஷம். வெள்ளிக்கெழமை கடைசி நாப்பது நிமிஷம் புள்ளைங்களுது. கயிறு, வளையம், பந்து, கேரம்போர்டு, எது வேணும்னாலும். ஆனா கிளாசுல சத்தம் வந்தா ஒரு கோடு போகும். யாரால போச்சோ அந்தப் புள்ளையே எந்திரிச்சு வந்து தன் கையால அழிக்கணும். அழிச்சுட்டு, எல்லாரையும் பாத்து நின்னு, "என்னால உங்களுக்கு ஒரு நிமிஷம் போச்சு"ன்னு சொல்லணும். அந்தக் கடைசி விசயம் நானாச் சேத்தது. சார்ட்டுல அதுக்கு மட்டும் செவப்பு இங்க்கு போட்டிருக்கேன்.

மொத வாரமே முப்பத்தொரு கோடு நின்னுச்சுங்க. புள்ளைங்க போட்ட ஆட்டத்தைப் பாக்கணுமே. பூவிழின்னு ஒரு புள்ள, கயிறாட்டம்னா அவளுக்கு உசுரு. ஒரே மூச்சுல நூத்தி இருவது குதிச்சா. எச்செம்மே வெளிய வந்து நின்னு எண்ணினாரு. எறங்கறப்ப மூச்சு வாங்கிக்கிட்டு என்கிட்ட ஓடிவந்து, "அடுத்த வெள்ளிக்கெழமை எரநூறு குதிக்கறேன் டீச்சர்"னா.

கெரகம், அந்தப் புள்ளதானுங்க எல்லாத்தையும் கெடுத்தது.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். தொண்டையைச் செருமிக்கிட்டே இருப்பா. க்ஹும், க்ஹும்னு. எழுதறப்ப செருமுவா, படிக்கறப்ப செருமுவா, நான் போர்டுப் பக்கம் திரும்பினாச் செருமுவா. முந்தியெல்லாம் சந்தைக்கடையில அது காதுல விழுகல. கிளாஸ் அமைதியானதுக்கப்புறம் அது ஒண்ணுதான் கேக்குது. சத்தம்னா சத்தந்தானே? ஒருத்திக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டம்னு வெக்க முடியுங்களா? எந்திரிச்சு வா, அழின்னேன். வந்தா. அழிச்சா. "என்னால உங்களுக்கு ஒரு நிமிஷம் போச்சு"ன்னா. சொல்லி முடிக்கறதுக்குள்ள மறுபடி க்ஹும். அதுக்கு இன்னொரு கோடு.

ரண்டாவது வாரம் பதினோரு கோடுதான் நின்னுச்சு. அடுத்த வாரம் நாலு. அதுக்கடுத்த மூணு வாரமும் ஒரு கோடுகூட நிக்கலீங்க. வெள்ளிக்கெழமை கடைசி பீரியடு புள்ளைங்க கையைக் கட்டிட்டு உக்காந்து, பக்கத்துக் கிளாஸ் வெளையாடறதைச் சன்னல் வழியாப் பாத்துட்டிருந்தாங்க. எனக்கு மனசு கேக்கல. பூவிழியப் பாத்து, "உன்னால இருபத்திரண்டு பேரு உக்காந்திருக்காங்க, நல்லாருக்குதா?"ன்னு கேட்டேன். கேட்டதுல தப்பிருக்குங்களா?

அவங்கம்மா ஒருநாள் வந்தா. தங்கமணின்னு பேரு. பனியன் கம்பெனிக்குப் போறவ. காலையில ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்தா, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திரும்பி வருவா. புருசன் இல்ல. அன்னைக்கு அரைநாள் லீவு போட்டுட்டு, பெரியாஸ்பத்திரி சீட்டைத் தூக்கிட்டு வந்து நின்னா. "நரம்புக் கோளாறாமுங்க டீச்சர், அவளா வேணும்னு பண்றதில்லையாம். திட்டத் திட்ட எச்சாகுமாம். தானாச் சரியாகிற வரைக்கும் கண்டுக்காம விடச் சொல்றாங்க"ன்னா. நான் என்ன டாக்டருக்கு எதிரியா? சீட்டை வாங்கி பீரோவுல வெச்சேன். ஆனா கண்டுக்காம எப்படிங்க விடறது? அவளை விட்டா, நாளைக்கு இருபத்திமூணும் செருமும்.

என்ன கண்ணு? தண்ணி வேணுமா? கை காட்டறா பாருங்க, பேசல. அதெல்லாம் பாலம் வந்தப்பறம் குடிச்சுக்கலாம். குடுக்காதீங்க அம்மிணி, நடுவுல குடுத்தாப் பழகிரும்.

எங்க விட்டேன்? ஆங். அதுக்கப்பறந்தானுங்க முறை வேலை செய்ய ஆரம்பிச்சது. நான் ஒண்ணுமே பண்ணல. புள்ளைங்களே பாத்துக்கிட்டாங்க. தன்யஸ்ரீன்னு கிளாஸ் லீடரு, பெரிய மனுசியாட்டம் பொறுப்பு. பூவிழியப் பெஞ்சுலருந்து எறக்கிக் கடைசியில தரையில உக்கார வெச்சா. சுத்திலும் சாக்பீஸ்ல ஒரு வட்டம். அதைத் தாண்டி யாரும் அவகூடப் பேசக்கூடாது. வரிசையில நிக்கறப்ப ஒருத்தரும் அவ கையப் புடிக்கல. சத்துணவுல சோறு போடற அம்மா வந்து, "ஏன் டீச்சர், அந்தப் புள்ள தட்டுல மண்ணள்ளிப் போடறாங்க, பாக்க மாட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு. சாப்பாட்டு விசயம் சத்துணவுக்காரங்க பொறுப்பு, கிளாசுக்குள்ள நடக்கறதுதான் என்ற பொறுப்புன்னு சொல்லிட்டேன். யாரு எல்லை எதுன்னு இருக்குதில்லீங்களா?

ஒருநாள் காலையில பாக்கறேன், கிளாசே அமைதி. ஒரு செருமல் இல்ல. என்னடா அதிசயம்னு திரும்பினா, பூவிழி வாயில கர்ச்சீப்பை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. யாரும் அடைக்கலீங்க, அவளா அடைச்சுக்கிட்டது. தோளு ரண்டும் குலுங்குது, உள்ளயே அடக்கறா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? முன்னால கூப்பிட்டு நிக்க வெச்சு, எல்லாரையும் கை தட்டச் சொன்னேன். கண்ணுல பொலபொலன்னு தண்ணி. மொத மொதல்ல கைதட்டு வாங்கறா, சந்தோசம் இருக்காதா?

ஆனா அதுவும் நிலைக்கல. மத்தியானம் மூச்சு முட்டி கர்ச்சீப்பை எடுத்துட்டா. எடுத்ததும் சேத்து வெச்சதெல்லாம் வந்துச்சு, பத்து தடவை. பத்து கோடு.

இப்படி இருக்கறப்பத்தான் பிஇஓ சார் வெள்ளிக்கெழமை வர்றாருன்னு வியாழக்கெழமை சொல்றாங்க. இருபத்தாறு வருசத்துல ஒரு அதிகாரி என்ற கிளாசைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை எழுதினதில்லீங்க. இந்தத் தடவையும் இந்த ஒருத்தியால போகணுமா? தன்யஸ்ரீயக் கூப்பிட்டேன். "நாளைக்கு மத்தியானம் சார் வர்றாரு. அவரு வர்றப்ப ஒரு சத்தம் இருக்கக்கூடாது. இருந்துச்சுன்னா இந்த வருசத்துக்கே மகிழ்ச்சி நேரம் கெடையாது. அமைதியா இருந்தா எத்தனை கோடு போயிருந்தாலும் நாப்பது நிமிஷமும் உங்களுக்கு. பூவிழிய என்ன பண்றதுன்னு நீங்களே யோசிங்க"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். வேற என்ன சொன்னேன்? ஊருக்குள்ள என்னென்னமோ பேசறாங்க. யோசிங்கன்னு சொன்னது ஒரு குத்தமா? புள்ளைங்களை யோசிக்க வெக்கறதுதானே எங்க வேலை?

வெள்ளிக்கெழமை ரண்டு மணிக்குச் சார் வந்தாரு. கிளாஸ் அப்படியே கோயில் மாதிரி. வாய்ப்பாடு கேட்டாரு, சொன்னாங்க. படிக்கச் சொன்னாரு, படிச்சாங்க. நடுவுல ஒரு மூச்சுச் சத்தம் இல்ல. ரிஜிஸ்டரைப் பாத்தாரு. "காலையில இருபத்திமூணு பேருக்குப் போட்டிருக்கீங்க, இருபத்திரண்டுதானே இருக்குது?"ன்னாரு. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னால தன்யஸ்ரீ எந்திரிச்சு, கையைக் கட்டிட்டு, "பூவிழிக்கு வயித்து வலிங்க சார், சாப்பிட்டதும் வீட்டுக்குப் போயிட்டா"ன்னா. எங்கிட்டச் சொல்லாம எப்படிப் போனான்னு எனக்குக் கேக்கத் தோணியிருக்கணும். தோணல. நிம்மதியா இருந்துச்சு, அதான் நிசம். சார் பார்வையாளர் நோட்டுல எழுதினாரு. வகுப்பறை ஒழுக்கம் மிகவும் பாராட்டத்தக்கது. அந்தப் பக்கத்தைப் போன்ல போட்டோ புடிச்சு வெச்சிருக்கேன், எறங்கறதுக்குள்ள காட்டறேன்.

மூணரை மணிக்குச் சொன்ன சொல்லைக் காப்பாத்தினேன். நாப்பது நிமிஷம் முழுசா. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால பழைய விறகு ரூம் ஒண்ணு இருக்குது. கேஸ் அடுப்பு வந்ததுலருந்து சும்மா கெடக்குது. அந்தச் செவுத்துல பந்தடிச்சு வெளையாடினாங்க. அதுக்கு முன்னாலதான் கயிறாட்டம். எண்ணிக்கிட்டே குதிச்சாங்க, ஊருக்கே கேக்கற மாதிரி. பெல்லடிச்சதும் ஓடிட்டாங்க. கிளாசைப் பூட்டறப்ப அந்தச் சாக்பீஸ் வட்டத்துக்குள்ள பூவிழியோட பை இருந்துச்சு. வயித்து வலியில பையை மறந்துட்டாளாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். நாலரை பஸ்ஸைப் புடிக்கணுமே.

ஏழு மணிக்குத் தங்கமணி போன் பண்றா. புள்ளை வீட்டுல இல்லையாம். பள்ளிக்கூடத்துக்கு ஓடி, கேட்டுக்கிட்ட நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்துட்டாளாம். பதில் இல்ல. பஸ் ஸ்டாப்பு, கெணத்தடியெல்லாம் தேடிட்டாளாம். அழுகறதுல பேச்சே புரியல. கடைசியில தன்யஸ்ரீ வீட்டுக்குப் போயிருக்கா. அந்தப் புள்ள வாயத் தொறக்கல. அவங்கப்பன் ரண்டு வெச்சும் தொறக்கல. அப்பறம் மறுபடி எனக்குப் போன் போட்டு அந்தப் புள்ளகிட்டக் குடுத்தாங்க. "சொல்லு கண்ணு"ன்னேன். "சொன்னா கோடு போயிருமா டீச்சர்?"னு கேட்டா. போகாது, சொல்லுன்னேன். அதுக்கப்பறந்தான் விறகு ரூம்னு சொன்னா. என்ன கட்டுப்பாடு பாருங்க.

அடைச்சு வெச்சுட்டாங்க, அடைச்சு வெச்சுட்டாங்கன்னு ஊரே பேசுது. கேளுங்க அம்மிணி, கதவுக்குக் கொண்டியே போடலீங்க. சும்மாச் சாத்தியிருந்துச்சு. தள்ளினாத் தொறந்துக்கும். சாப்பிட்டதும் கூட்டிட்டுப் போயி, "நாங்க வந்து கூப்பிடற வரைக்கும் சத்தமில்லாம இருந்தீன்னா கயிறு உனக்குத்தான்"னு சொல்லி உக்கார வெச்சிருக்காளுங்க. வெளையாட்டு மும்முரத்துல கூப்பிட மறந்துட்டாங்க. சின்னப் புள்ளைங்கதானே.

பூவிழி அப்படியே உக்காந்திருந்திருக்கா. ஒண்ணேகால் மணியிலருந்து ஏழரை வரைக்கும். வாயில கர்ச்சீப்பு, கையைக் கட்டிக்கிட்டு, பாவாடையெல்லாம் நனைஞ்சு. திங்கக்கெழமை தங்கமணி பள்ளிக்கூடத்துக்கு வந்தா. சண்டை போடுவான்னு எச்செம்மைக் கூட நிக்க வெச்சுக்கிட்டேன். சண்டையெல்லாம் போடலீங்க. என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, "நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டுச்சாம் டீச்சர். மூணு தடவையும் கேட்டுச்சாம். ஏஞ்சாமி பேசலைன்னு கேட்டேன். பேசினா எல்லாரு கோடும் போயிரும்மா, அப்படின்னா. எம்புள்ளைய என்ன டீச்சர் பண்ணினீங்க?"ன்னு கேட்டா.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. பெருமையில. கிளாசுலயே அடங்காத புள்ளைங்க அவ. பெத்தவ கூப்பிட்டும் வாயத் தொறக்கலைன்னா, என்ற பாடம் எவ்வளவு ஆழமா எறங்கியிருக்கணும்! அதை அவகிட்டச் சொல்லவும் சொன்னேன். கையை விட்டுட்டுப் போயிட்டா. புகார் எழுதப் போறதாச் சொன்னாங்க, எழுதினாளோ என்னமோ. கம்பெனிக்கு லீவு போட்டாச் சோறேது?

ரண்டு வாரம் கழிச்சுப் பூவிழி வந்தா. இப்பச் செருமலே இல்லீங்க. சுத்தமா நின்னு போச்சு. நரம்புன்னாரே அந்த டாக்டரு, நரம்புன்னா இப்ப எப்படி நிக்கும்? பேச்சும் இல்ல, அது வேற விசயம். வாய்ப்பாடு கேட்டா ஸ்லேட்டுல எழுதிக் காட்டறா. எல்லாம் சரியாத்தான் எழுதறா. அஞ்சு வாரமா நாப்பதுக்கு நாப்பது கோடு. வெள்ளிக்கெழமை அவளுக்குத்தான் மொதல்ல கயிறு குடுக்கச் சொல்லியிருக்கேன், நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல. வாங்கிக்குவா. ரண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு நிப்பா. நாப்பது நிமிஷமும் நிப்பா. குதி கண்ணுன்னு சொன்னா, கயித்தைப் பாப்பா, தரையப் பாப்பா, தலைய ஆட்டுவா. கயிறு தரையில படறப்ப சத்தம் வருமில்லீங்களா, அதுக்குத்தான்னு நெனைக்கிறேன். போகப் போகச் சரியாயிரும்.

அதோ, பாலம் வந்துருச்சு. பாப்பாவப் பாருங்க, அசையவே இல்ல. சமத்துக்குட்டி. வா கண்ணு, எந்திரி, நீ இங்க...

ஏனுங்க அம்மிணி, எந்திரிச்சுட்டீங்க? பாலத்துல ஸ்டாப்பே இல்லையே? புள்ளைய எதுக்கு இப்படி வெடுக்குன்னு இழுக்கறீங்க? அங்க நிக்க எடமே இல்ல, அத்தனை பேரு முதுகுக்கு நடுவுல அவளுக்குத் தண்ணியும் தெரியாது. சொன்னாக் கேளுங்க. சரி, உங்க இஷ்டம்.

கண்ணு, இங்க பாரு. நீ கம்முனுதான் இருந்தே. தப்பு உன் மேல இல்ல. சன்னலோரம் உனக்குத்தான் வெச்சிருந்தேன். ஆனா உங்கம்மா எந்திரிச்சுட்டாங்களே, என்ன பண்றது? உங்கம்மாவால உனக்குப் போச்சு.

அழுகட்டும் விடுங்க அம்மிணி. என்னைய எதுக்குப் பாக்கறீங்க? நானா அடிச்சேன்? உங்களைத்தான் அடிக்கறா.